கீழ் லயத்துத் தங்கச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள தோட்டத்து உறவுகளுக்கு,

புற்றுநோய்க்குப் போட்ட கடைசி ஊசியும் முடிந்து அப்பா நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை; இந்த ஆறு மாதங்களில் எங்களைவிட நீங்கள்தான் அதைப் பற்றி அதிகம் பேசியிருப்பீர்கள். இப்போது வாசலில் உட்கார்ந்து பிளேன்டீயில் சீனி போதவில்லை என்று அம்மாவோடு சண்டை பிடிக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் வரை இருட்டோடு வேன் ஓட்டிவிட்டு டீசல் காசு மட்டும் வாங்கிய அண்ணன், இரத்தம் கொடுக்கக் கொழும்பு பஸ் ஏறிய பையன்கள், கொழுந்து குறைந்து அம்மாவுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழக்கூடாது என்று தங்கள் கூடைக் கொழுந்தை அவர் கூடையில் அள்ளிப் போட்ட அக்காமார், கோயில் கமிட்டியார், எல்லோருக்கும் கோடி நன்றி. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். இந்த மடலில் பெரும்பங்கு கீழ் லயத்துத் தங்கச்சிக்கு.

அவளுக்கு உயர்தரப் பரீட்சை நெருங்கிய நேரம் அது. நாங்களோ, வெளிநாட்டில் ஓரிடத்தில் ‘இயற்கைக் கொல்லிக் கலங்கள்’ என்று நோயைத் தாக்கும் இரத்தக் கலங்களை ஏற்றுகிறார்கள், நான்கே ஊசியில் ஆள் எழுந்துவிடுவார் என்று ஒரு தரகர் தொலைபேசியில் சொன்னதை நம்பிப் பசுவுக்கு விலை பேசியிருந்தோம். நீங்களும் அதற்காகத்தான் காசு சேர்த்தீர்கள். மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் போட்டுவந்த ஊசியைப் பாதியில் விட்டுவிட்டுப் புறப்படுவது என்றுகூட முடிவாகியிருந்தது.

கொட்டுகிற மழையில், தலையில் உரப்பையை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் உயிரியல் கொப்பி. “அண்ணா, தரகர் சொல்கிற கலம் பொய்யில்லை. 1975ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நம் எல்லோருடைய இரத்தத்திலும் ஓடுகிறது” என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு கலமும் மேலே ஓர் அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டிருக்குமாம். டி கலம் என்ற காவல்காரன் அந்த அட்டையைப் படித்துத்தான் கள்ளனைப் பிடிப்பான். அதற்குப் பயந்து சில புற்றுநோய்க் கலங்கள் அட்டையையே மறைத்துவிடும். கொல்லிக் கலத்துக்கோ அட்டை இல்லாதவன்மேல்தான் சந்தேகம் வரும்.

சுவரோரம் படுத்திருந்த அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். “அட்டை இல்லையென்றால் கொன்றுவிடுமா? அப்படியானால் நான் பிறந்த அன்றைக்கே போயிருக்க வேண்டுமே!”

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றுப்போன குடும்பம் எங்களுடையது. 2003இல் புதிய சட்டம் வந்த பிறகுதான் அப்பாவின் கைக்கு அட்டை கிடைத்தது. நான் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிய காலம். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு வீட்டில் எல்லோரும் சிரித்தோம். தங்கச்சி மட்டும் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

போகும்போது கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து நீட்டினாள். மூன்று கேள்விகள், சிங்களத்தில், உருண்டை உருண்டையாக. இந்தச் சிகிச்சை அப்பாவின் நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கப்படுகிறதா, ஆய்வில் இருக்கிறதா? ஆய்வென்றால் நோயாளியிடம் எதற்குப் பணம்? இப்போதைய ஊசியைப் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? “வைத்தியரிடம் இதைக் கொடுங்கள், நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம்” என்றாள். அந்த வாட்டில் இரண்டு மாதங்களாக சிங்களத்தில் ‘ஹரி, ஹரி’ (சரி, சரி) என்று தலையாட்டியதைத் தவிர நாங்கள் வாயே திறந்ததில்லை. வெட்கத்தில் அதை யாரிடமும் சொன்னதும் இல்லை. இவளுக்கு எப்படித் தெரிந்தது?

காகிதத்தைப் படித்த வைத்தியர் கண்ணாடியைக் கழற்றினார். தமிழ் தெரிந்த தாதியைக் கூப்பிட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அமெரிக்காவின் ஹியூஸ்டனில் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து எடுத்த கொல்லிக் கலங்களை மரபணு மாற்றி ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். 2020இல் வெளியான முடிவில் 11 பேரில் 8 பேருக்குப் பலன், அவர்களில் 7 பேருக்கு நோயின் தடமே தெரியவில்லை. ஆனால் அது ஆய்வு. அவர்கள் மற்ற மருந்துகளுக்கு நோய் அடங்காதவர்கள். தரகரின் தாளை வாங்கிப் பார்த்து, இது அதுவல்ல என்றார். அப்பாவுக்கு முதல் மருந்தே நன்றாகக் கேட்கிறது, நிறுத்தினால் கெட்டது என்றார்.

பிறகு தலைமாட்டில் தொங்கிய போத்தலைக் காட்டினார். ரிட்டுக்ஸிமாப். அது பிறபொருளெதிரி என்ற வகைப் புரதமாம். நோய்க் கலத்தின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியிருப்பதைக் கண்டு வந்து தாக்குவதில் அப்பாவின் சொந்தக் கொல்லிக் கலங்களுக்கும் பெரிய பங்கு உண்டாம். பசுவை விற்று வாங்கப் போன சரக்கு, ஒரு சதம் வாங்காத அரசாங்க வாட்டில் அப்பாவின் உடம்புக்குள்ளேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தது!

தங்கச்சி, அந்தத் தாளை அப்பா தன் அடையாள அட்டை உறைக்குள் வைத்திருக்கிறார். கேட்டாலும் தரமாட்டார். பசு கன்று ஈன்றுவிட்டது. நீ பல்கலைக்கழகம் போகும்வரை காலைப் பாலில் முதல் போத்தல் உங்கள் வீட்டுக்கு. உன் அம்மா காசு நீட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

மற்றவர்களுக்கு ஓர் அறிவித்தல். நீங்கள் சேர்த்த காசு பஸ் செலவு போக அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பிரட்டுக்களத்தில் பட்டியலோடு இருப்பேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வராதவர்களுக்கு வீடு தேடிக் கொண்டுவந்து தருவேன் என்று அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். படி ஏற வைத்தியர் இன்னும் விடவில்லை. ஆகவே, மேட்டு லயத்துக்காரர்கள் தயவுசெய்து நீங்களே இறங்கி வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கொழுந்து மடுவத்துக்குப் பின் லயத்து வீட்டார்