குளிருக்கு உடுப்பு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடும் பனிக்காலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். உடுப்பைப் பொறுத்தவரை, குளிர் கூடக்கூட அதுவும் கூட வேண்டும் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. என் பார்வையில், அதிகமாக உடுத்திவிடுவதுதான் பெற்றோர் அடிக்கடி செய்யும் தவறு.

முதுகில் பையோடு, கால் புதையும் பனியில் நடக்கிற பிள்ளைக்குச் சீக்கிரமே வியர்க்கும். உடலை ஒட்டிய உடுப்பு பருத்தியாக இருந்தால் அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நடக்கும்வரை அது தெரியாது. பள்ளி வாசலில் நிற்கும்போதுதான் வினை. உடம்பில் சூடு உண்டாவது குறைந்துவிடும். நனைந்த துணி இருக்கிற சூட்டையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் தெர்மல் உள்ளாடை, நடுவில் ஃபிளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். வீட்டு வாசலைத் தாண்டும்போது பிள்ளைக்கு லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. பாதி வழியில் பிடரிப் பக்கம் காலருக்குள் இரண்டு விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் ஜிப்பைச் சற்று இறக்குங்கள். சில்லென்று இருந்தால் உடுப்பு போதவில்லை. கையைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உடம்பு கதகதப்பாக இருக்கும்போதும் பிள்ளைகளின் கை குளிர்ந்திருக்கும்.

கூடவே ஸ்ட்ரோலரில் வரும் கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நடக்கும் அக்காவுக்கு வியர்க்கிற அதே நேரத்தில், அசையாமல் உட்கார்ந்திருக்கும் தம்பி விறைத்துப்போவான். அவனுக்கு ஓர் அடுக்கு கூடுதலாகவும், முதுகுக்கு அடியில் கம்பளி விரிப்பும் வேண்டும்.

காலுக்கு இரண்டு சாக்ஸ் மாட்டி இறுக்கமான பூட்ஸில் திணிப்பது வீண். இறுக்கினால் இரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் விடுங்கள். பூட்ஸின் உள்ளுறையைத் தினமும் இரவில் கழற்றி உலர்த்த வேண்டும். கைக்கு, விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் உறையைவிட எல்லா விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் நல்லது. பையில் இன்னொரு ஜோடி இருக்கட்டும், காலையில் போட்டது இடைவேளை விளையாட்டில் நனைந்துவிடும். மாலை நடையை நாம் யாருமே யோசிப்பதில்லை! தொங்கும் மஃப்ளர் சறுக்குமரத்திலோ ஏணியிலோ சிக்கி கழுத்தை இறுக்கக்கூடும். தலைவழியாக மாட்டும் கழுத்துறையே பாதுகாப்பு.

வெப்பமானியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 போல உறைக்கும். காற்றோடு சேர்ந்த கணக்கு மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். அப்படிப்பட்ட நாளில் திறந்தவெளிக் குறுக்குவழியைவிட, கட்டடங்களின் மறைவில் சுற்றிப்போகும் வழி மேல்.

பனிக்கடியின், அதாவது குளிரில் தோல் உறைந்துபோவதன், அடையாளம் தோல் வெளுப்பது என்று கட்டுரையில் இருந்தது. நம் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் அது எளிதில் கண்ணில் படாது. சாம்பல் பூத்தாற்போல, மெழுகு தடவியதுபோலத் தெரியும். தொட்டால் கெட்டியாக இருக்கும். வலிக்கிறது என்று அழுத பிள்ளை திடீரென்று வலியே இல்லை என்றால் உடனே காது நுனி, மூக்கு, கன்னம் மூன்றையும் பாருங்கள். வெறும் உள்ளங்கையால் பொத்திச் சூடேற்றலாம். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது அதைவிட மோசம். விரல் என்றால் உள்ளே போனபின் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம். உணர்வு திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்த நீர், காலையில் கண்ணுக்கே தெரியாத கண்ணாடிப் பனியாக நடைபாதையில் கிடக்கும். மைனஸ் 10-க்குக் கீழே சாதாரண உப்பு அதை எளிதில் கரைக்காது, மணல் தூவினால்தான் பிடிப்பு. அடி சிறியதாக, பாதம் முழுதும் பதிய நடக்க வேண்டும். கை பாக்கெட்டுக்குள் இருக்கக் கூடாது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் சுமார் 15 மீட்டரில் நிற்கும்; கண்ணாடிப் பனியில் 100 மீட்டர்கூடச் சறுக்கும். மூலைகளில் குவித்த பனிமேடு பிள்ளையை ஓட்டுநரின் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஜாக்கெட்டின் தலைமூடியோ பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். கடக்குமுன் அதைப் பின்னுக்குத் தள்ளட்டும், உள்ளே குல்லா இருக்கிறதே! தாழ்ந்த முகப்பு விளக்கின் வெளிச்சம் கீழேதான் விழும் என்பதால், ஒளி பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டரை முழங்கால் உயரத்தில், இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள். பையில் ஒட்டியது பின்னால் வருபவருக்கு மட்டுமே தெரியும்.

இவ்வளவும் செய்தபின் பிள்ளை பூட்டிய கதவின் முன்னே கால் மணி நேரம் நின்றால் பயனில்லை. கடுங்குளிர் நாள்களில் முதல் மணிக்கு 15 நிமிடம் முன்பே உள்ளே விடும்படி பள்ளிகளிடம் பெற்றோர் எழுத்தில் கேட்க வேண்டும். நுழைவுக் கூடத்தில் மேற்பார்வைக்கு ஒருவர் இருந்தால் போதும். தங்கள் இதழும் இதைப் பற்றி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பள்ளி முன் சாலை கடக்க உதவும் தன்னார்வலர் ஒருவர்