தழும்பு இல்லை, சரி, கீறல் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வயிற்றில் தழும்பே விழாமல் பித்தப்பையை எடுத்துவிடலாம் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பொய்யில்லை. 2007 ஏப்ரலில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அறுவை மருத்துவர் ழாக் மாரெஸ்கோவின் குழுவினர் 30 வயதுப் பெண் ஒருவரின் பித்தப்பையைப் பிறப்புறுப்பு வழியாக எடுத்தார்கள். அன்றும்கூட வயிற்றில் 2 மில்லிமீட்டருக்கு ஓர் ஊசித்துளை தேவைப்பட்டது. வயிற்றை உப்பவைக்க வாயு செலுத்த வேண்டுமே! பித்தப்பையைத் தூக்கிப் பிடிக்கவும் அது உதவியது.

எனக்கு இரண்டு வருடம் முன்பு லேப்ராஸ்கோப்பியில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும் முறையில், நான்கு துளை போட்டுத்தான் எடுத்தார்கள். மறுநாளே வீடு திரும்பினேன். வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய கரியமில வாயுவால் வரும் வலி அது, இரண்டொரு நாளில் போய்விடும் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் உயிர் வந்தது. தொப்புளில் போட்ட துளையை இப்போது தேடினாலும் தெரியாது.

தழும்பு வேண்டாம் என்று நினைப்பதில் தப்பே இல்லை. கல்யாணமாகாத பெண்களுக்கு அந்தக் கவலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். ஆனால் கீறல் இல்லாமல் போவதில்லை, இடம்தான் மாறுகிறது. வாய் வழியாகக் கருவியை விட்டால், நோயில்லாத இரைப்பையைத் துளைத்து, அப்புறம் கசியாமல் அடைக்க வேண்டும். பிறப்புறுப்பு வழி பெண்களுக்கு மட்டும்தான். அங்கே போடும் தையல் ஆறும்வரை தாம்பத்தியத்தைத் தள்ளிப்போடவும் வேண்டும்.

இதைப் பற்றிச் செய்தி போடும்போது இந்த விவரங்களையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி