புள்ளி இல்லாத மீனை நம்பி அவசரப்படாதே

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. உன் கடல்நீர் ரீஃப் தொட்டியில் பவளங்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டன என்று படித்ததில் அவ்வளவு மகிழ்ச்சி. அடுத்து ஒரு ஜோடி க்ளவுன் மீன், ஒரு யெல்லோ டேங் மீன் வாங்கப்போகிறாய். “கடையில் சுறுசுறுப்பாகத்தான் நீந்துகின்றன, நேராக விட்டுவிடலாமா?” என்று கேட்டிருந்தாய். வேண்டாம், கதிர். பல கடைகளில் தொட்டித் தண்ணீரிலேயே கொஞ்சம் காப்பர் (செம்பு மருந்து) கலந்திருக்கும். அது ஒட்டுண்ணியை அடக்கி வைக்குமே தவிர ஒழிக்காது.

இக் எனும் வெள்ளைப்புள்ளி நோயில், ஒட்டுண்ணி மீனின் மேல் இருப்பது 3 முதல் 7 நாள்தான். பிறகு உதிர்ந்து மணலிலோ கல்லிலோ ஒட்டி, கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பெருகும். சில நாளில் வெளியே வரலாம், பல வாரங்களும் ஆகலாம். புள்ளி மறைந்ததும் நோய் போய்விட்டது என்று பலரும் ஏமாறுவது இதனால்தான். செவுளில் மட்டும் இருந்தால் புள்ளியே தெரியாது. ரீஃபுக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் அங்கே காப்பர் போடவும் வழியில்லை, இறாலும் நத்தையும் பவளமும் செத்துவிடும். எல்லா மீன்களையும் பிடித்து வெளியே எடுத்து, 76 நாள் மீனில்லாமல் விட வேண்டியிருக்கும். அதற்குப் புது மீனை முன்கூட்டியே வேறு தொட்டியில் தனிமைப்படுத்துவது எவ்வளவோ மேல்.

அதனால் மீன் வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போடு. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை இன்றைக்கே உன் சம்ப்பில் (ரீஃபோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில்) போட்டு வை, பாக்டீரியா பிடிக்கட்டும். தனிமைத் தொட்டி 80 லிட்டர் போதும்: ஹீட்டர், ஏர் பம்ப், மூடி, ஒளிந்துகொள்ள சில பிவிசி எல்போ (வளைந்த குழாய்த்துண்டு). மணலும், லைவ் ராக் எனும் பாக்டீரியா குடியேறிய கல்லும் கூடாது, அவை காப்பரை உறிஞ்சி அளவைக் கெடுக்கும்.

வாங்கும்போதே கடைத் தண்ணீரின் சாலினிட்டியை (உப்பின் அளவை) கேட்டுக்கொள். ஒப்படர்த்தி 1.019 என்றால் தனிமைத் தொட்டியையும் அதற்கே கொண்டுவா, பிறகு சில நாட்களில் மெதுவாக ஏற்றலாம். பையை மூடியபடியே 15 நிமிடம் மிதக்கவிட்டு, வெட்டியதும் மீனைத் தொட்டிக்கு மாற்றிவிடு. நெடுநேரம் வந்த பையை மணிக்கணக்கில் ட்ரிப் செய்யாதே, அதாவது தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டுப் பழக்காதே. பைக்குள் கரியமிலவாயு சேர்ந்து பிஎச் தாழ்ந்திருப்பதால் அமோனியா அதிகம் தீங்கு செய்யாமல் கிடக்கும். பை திறந்ததும் அந்த வாயு வெளியேறும், பிஎச் ஏறும், அதே அமோனியா நஞ்சாகும்.

மீன் சாப்பிட ஆரம்பித்ததும் காப்பர். எந்த வகை என்று பார்த்துப் போடு, அதில்தான் பெரிய குழப்பம். காப்பர் பவர் போன்ற கீலேட் (வேறு மூலக்கூறோடு பிணைத்த) வகைக்கு 2.25 முதல் 2.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்), குப்ரமைன் என்ற இன்னொரு காப்பர் மருந்துக்கு 0.5 பிபிஎம். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்று மருந்து பலிக்காது, இல்லையென்றால் மீன் போய்விடும். கண்ணால் நிறம் ஒப்பிடும் கிட் இதற்குப் போதாது, டிஜிட்டல் காப்பர் மீட்டர் வாங்கு. மூன்று நாளில் படிப்படியாக ஏற்றி, முழு அளவு வந்த நாளிலிருந்து 30 நாள். நடுவில் அளவு இறங்கினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரிலேயே அதே அளவு காப்பர் கலந்து ஊற்று. அமோனியா ஏறினால் பாதித் தண்ணீரை மாற்று, அமோனியாவைக் கட்டும் கண்டிஷனரைக் காப்பரோடு சேர்க்காதே. காப்பரின் நச்சு கூடிவிடும்.

வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய் வந்தால் காத்திருக்க நேரமில்லை. மீன் பம்ப்பின் ஓட்டத்திலேயே நின்று வேகமாக மூச்சு வாங்கும், வெளிச்சத்தைத் தவிர்க்கும், உடலில் தூள் தூவியது போலிருக்கும். அப்போது காப்பரை ஒரே நாளில் ஏற்று.

உன் க்ளவுன்களிடம் இன்னொன்று பார்க்க வேண்டும்: ப்ரூக்லினெல்லா எனும் ஒட்டுண்ணி. தோலில் கெட்டியான கோழை உரிந்து தொங்கும். காப்பர் அதை ஒன்றும் செய்யாது. 10 லிட்டர் கடல்நீருக்கு 37 சத ஃபார்மலின் (ஃபார்மால்டிஹைட் கரைசல்) 1.5 மில்லி, பலமான காற்றோட்டத்தோடு 30 முதல் 60 நிமிடக் குளியல், பிறகு சுத்தமான வேறு தொட்டி. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய். அடியில் வெள்ளையாகப் படிந்த பழைய பாட்டில் என்றால் தொடாதே, அது மீனைக் கொல்லும்.

காப்பரைக் கார்பனால் எடுத்த பிறகு, ஃப்ளூக் எனும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கு ப்ராசிக்வாண்டெல் மருந்து: லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், 80 லிட்டர் தனிமைத் தொட்டிக்கு மொத்தம் 200 மில்லிகிராம். முட்டைகளை அது அழிக்காது, ஒரு வாரம் கழித்து மறுபடி போட வேண்டும். அந்த நாட்களில் ஆக்சிஜன் குறையும், ஏர் ஸ்டோனை நிறுத்தாதே. அதன் பின் இரண்டு வாரம் மருந்தில்லாமல் கவனித்துவிட்டு ரீஃபில் விடு.

வலை, குழாய், வாளி எல்லாம் தனி. இரண்டு தொட்டிக்கும் நடுவே 3 மீட்டராவது இருக்கட்டும், குமிழி உடைந்து தெறிக்கும் துளியிலும் ஒட்டுண்ணி போகும். புதுப் பவளம், நத்தை வாங்கினால் அவற்றின் ஓட்டிலும் இக் கூடு ஒட்டியிருக்கலாம், மீனில்லாத தொட்டியில் 76 நாள் வை.

கல்லும் மணலும் இல்லாத தொட்டியில் லிட்டர் கணக்காக அளந்து தண்ணீர் ஊற்றி, சரியான கொள்ளளவை எழுது. மருந்தின் பெயரையும் சொன்னால், ஒவ்வொரு நாளும் எத்தனை மில்லி என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
சேகர்