பழைய ஆலை இடத்தைச் சுத்தம் செய்வது பற்றிப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

நம் பள்ளியின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் பேட்டரி ஆலை இடத்தைச் சுத்தம் செய்யப் போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து, காலையில் வாசலில் யாராவது ஒருவர் என்னை நிறுத்தி அதைப் பற்றிக் கேட்காத நாள் இல்லை. "இப்பவாவது செய்கிறார்களே" என்கிறார்கள் சிலர். "சும்மா கிடக்கிற மண்ணைக் கிளறினால் பிள்ளைகள் மூச்சில்தானே போகும், அப்படியே விடச் சொல்லுங்கள்" என்கிறார்கள் சிலர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். ஆனால் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அங்கே மண் தோண்டக் கூடாது.

அப்படியே விட்டுவிட்டால் அடங்கிவிடும் என்று நினைக்க வழியில்லை. பேட்டரி ஆலை விட்டுப்போகும் நஞ்சு பெரும்பாலும் ஈயம். அது மக்காது, ஆவியாகாது, வருடம் போகப் போகக் குறையாது. மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டு, காற்றிலும் செருப்பிலும் ஏறி நகரும். போன வாரம் ஐந்தாம் வகுப்பில் பின்பக்க ஜன்னல் திட்டை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரே இழுப்பில் துணி சாம்பல் நிறமாகிவிட்டது. அது ஈயத் தூசியா வெறும் புழுதியா என்று கண்ணால் சொல்ல முடியாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் அதே திட்டில் பென்சிலை வைத்தாள், எடுத்தாள், யோசனையில் பென்சில் முனையைக் கடித்தாள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடல், வயிற்றுக்குள் போகும் ஈயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லும்படியான அளவு எதுவும் இல்லை என்றும் அதுவே சொல்கிறது. காய்ச்சல், வாந்தி என்று வெளியே தெரிவது அபூர்வம். கவனம் சிதறும், படிப்பு பிடிபடாது, எரிச்சல் வரும். அப்படி ஒரு பிள்ளையை "சோம்பேறி" என்று நாம் திட்டிவிடக் கூடாது. இந்த வருடம் ஆசிரியர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்தில் லவ் கேனால் என்றொரு இடம். ஒரு ரசாயன நிறுவனம் 1942லிருந்து 1953 வரை அங்கே சுமார் 21,000 டன் கழிவைப் புதைத்து மூடியது. பிறகு அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்துக்கே கொடுத்தது. கழிவு புதைத்த இடம் என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தும் நிர்வாகம் அங்கே பள்ளி கட்டியது. சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978ல் அரசு நெருக்கடி நிலை அறிவித்து அந்தப் பள்ளியை மூட வேண்டியதாயிற்று. அங்கே படித்த ஒரு பையனின் தாய், லோயிஸ் கிப்ஸ், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியது பள்ளியை மூடச் சொல்லி நடந்த போராட்டத்துக்குப் பெரிய பலம். மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்ய 1980ல் அந்த நாட்டில் தனிச் சட்டமே வந்தது. ஒரு தலைமையாசிரியராக எனக்கு அதில் உறுத்துவது அந்தப் பத்திரம்தான். எச்சரிக்கை கையில் இருந்தது, அதைப் படித்தவர்கள் பொருட்படுத்தவில்லை.

அதனால் வேலை செய்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, எந்த அளவு வரை சுத்தம் செய்யப் போகிறார்கள் என்பது. மறுபடி தொழிற்சாலை வரும் இடம் என்றால் ஒரு அளவு, பிள்ளைகள் விளையாடும் இடம் என்றால் அதைவிடக் கடுமையான அளவு. அளவுகளே மாறிக்கொண்டு வருகின்றன. குடியிருப்பு மண்ணில் ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராம் ஈயம் என்று பல வருடம் வைத்திருந்த எச்சரிக்கைக் கோட்டை அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024ல் 200க்கு இறக்கியது. "பாதுகாப்பான அளவுக்குக் கொண்டுவருவோம்" என்ற பதிலோடு நாம் திரும்பி வரக் கூடாது. எண்ணைக் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும்.

அப்புறம் முறை. மண்ணைத் தோண்டி எடுத்துப் போவது ஒன்று, சிமென்ட் போன்றவற்றைக் கலந்து ஈயம் கரையாமல் இறுக்கிவிடுவது ஒன்று, மேலே நல்ல மண் போட்டு மூடுவது ஒன்று. மூடுவதுதான் செலவு குறைவு, சீக்கிரம் முடியும். எனக்கு அதில் அரை மனதுதான். மூடிய இடத்தை இருபது வருடம் கழித்து யாராவது குழாய் பதிக்கத் தோண்டினால் என்ன ஆகும்? மூடுவதாக இருந்தால், கீழே நஞ்சு இருக்கிறது என்று காட்டும் நிறத்துணி விரித்து, நிலப் பதிவேட்டிலும் எழுதி வைக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது மண் நனைந்தே இருக்க வேண்டும். லாரிகள் தார்ப்பாய் போட்டு, சக்கரம் கழுவித்தான் வெளியே வர வேண்டும், அதுவும் நம் வாசல் வழியாக அல்ல. நம் சுவரில் தூசி அளக்கும் கருவி வைத்து, அன்றைய அளவை அன்றே நம் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வேலைக்கு முன்பும் பின்பும் நம் விளையாட்டு மைதானத்து மேல்மண்ணைச் சோதிக்க வேண்டும்.

அந்த ஆலையில் வேலை பார்த்த ஒரு தாத்தா, நம் பிள்ளை ஒருத்தியின் தாத்தா, என் அறைக்கு வந்தார். மேஜையில் விரலால் கோடு போட்டு, "இது உலை, இது சுவர், கசடை இங்கே கொட்டினோம், மழைக்காலத்தில் இந்தப் பக்கம் தண்ணி ஓடும்" என்று காட்டினார். ஆலை வரைபடத்தில் அந்தக் குழி இல்லை. உங்கள் வீட்டில் அங்கே வேலை பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து அழைத்து வாருங்கள். அவர்கள் சொல்வதை எழுதி, கையெழுத்து வாங்கி, மண் மாதிரி எடுப்பவர்களிடம் கொடுப்போம்.

வீட்டில் சில காரியங்கள் இன்றே செய்யலாம். செருப்பை வாசலிலேயே விடுங்கள். துடைப்பத்தால் கூட்டினால் தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வைக்க வேண்டும். கிருமிநாசினி ஜெல் ஈயத்தை எடுக்காது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் சாப்பிடும் பிள்ளையின் உடல் ஈயத்தைக் குறைவாகவே ஏற்கும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்ப்பது நல்லது. விரல் நுனியில் குத்தி எடுத்தால் விரலில் இருக்கும் தூசியே அளவைக் கூட்டிக் காட்டலாம். அதிகம் என்று வந்தால் பயந்துவிடாமல், கையின் ரத்தக்குழாயிலிருந்து ரத்தம் எடுத்து ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

மறு அறிவிப்பு வரும் வரை பின்பக்க மைதானத்தில் விளையாட்டு வகுப்பு கிடையாது. பின்பக்க ஜன்னல்களும் மூடியே இருக்கும். புழுக்கமாக இருக்கும், தெரியும். ஐந்தாம் வகுப்பை முன்பக்க அறைக்கு மாற்றிவிட்டோம்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளி அரங்கில் கூடுவோம். வேலையை நடத்துபவர்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். கேள்விகளை எழுதிக் கொண்டு வாருங்கள். எழுத நேரமில்லாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பு ஆசிரியரிடம் சொன்னால் போதும், அவர் எழுதிக்கொள்வார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்