மார்க் போட்டவங்களை விடுங்க, மார்க் ஷீட்டை எழுதினது யாரு?

ஆசிரியருக்கு வணக்கம்.

படிப்புக்கான அரசு பணத்தை எல்லாருக்கும் சமமா பிரிச்சு குடுக்கறதை விட, போட்டி வெச்சு நல்ல திட்டத்துக்கு மட்டும் குடுக்கறதுதான் சரின்னு உங்க பேப்பர்ல ஒரு கட்டுரை வந்துச்சு, அமெரிக்காவை உதாரணம் காட்டி. போட்டியே கூடாதுன்னு நான் சொல்ல வரல. ஆனா கட்டுரை முழுக்க ஜெயிச்சவங்க என்ன பண்ணாங்கன்னுதான் இருக்கே தவிர, எதுக்கு எத்தனை மார்க்னு முடிவு பண்ணது யாரு, எந்த கணக்குல பண்ணாங்க, இதைப் பத்தி ஒரு வரி கூட காணோம். என்னைக் கேட்டா பாதி ரிசல்ட் அந்த மார்க் ஷீட்டை எழுதுற அன்னைக்கே முடிவாயிடுது. அப்புறம் நடக்கறதெல்லாம் கூட்டல் கணக்குதான்.

கட்டுரையில சொன்ன அதே ரேஸ் டு தி டாப்ங்கற கல்வி மானியப் போட்டியையே எடுத்துக்கோங்க. 2009ல ஒபாமா வந்த புதுசுல, பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரத்துல போட்ட சட்டத்துல இதுக்குன்னு 435 கோடி டாலர் ஒதுக்கினாங்க. மாநிலங்களுக்கு நடுவுல போட்டி, மொத்தம் 500 மார்க். ஆசிரியர், தலைமையாசிரியர் சம்பந்தப்பட்டதுக்கு 138, மாநிலத்தோட ஒட்டுமொத்த திட்டத்துக்கு 125, பாடத்தரம் தேர்வு இதுக்கெல்லாம் 70, ரொம்ப பின்தங்கின ஸ்கூல்களை தூக்கி விடுறதுக்கு 50, டேட்டா சிஸ்டத்துக்கு 47, இப்படி போகும். இப்ப பாருங்க, இருக்கறதுலயே மோசமான நிலைமையில இருக்கற ஸ்கூலை சரி பண்றதும் கம்ப்யூட்டர்ல டேட்டா சேர்த்து வெக்கிறதும் கிட்டத்தட்ட ஒரே வெயிட்! அறிவியல் கணிதத்துக்கு தனியா 15 மார்க், அதுவும் கிடைச்சா 15, இல்லேன்னா சைபர், நடுவுல எதுவும் கிடையாது. ஏன் 50, ஏன் 80 இல்ல? நம்பரா எழுதிட்டா ஏதோ ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்ச மாதிரி ஒரு தோற்றம் வந்துடுது, ஆனா அது அந்த அரசாங்கம் எதை முக்கியம்னு நெனச்சுதோ அதோட கணக்கு, அவ்ளோதான். அப்படி நெனைக்கிறது தப்பும் இல்ல, ஓட்டு வாங்கி வந்தவங்க நெனைக்கத்தான் செய்வாங்க. ஆனா அதை வெளிப்படையா சொல்லணும், "தகுதி"ங்கற பேர்ல மறைக்கக் கூடாது.

இந்த மார்க் ஷீட்டுக்கு எவ்ளோ பவர்னு கேட்டா, மாணவர் மார்க்கை ஆசிரியர் மதிப்பீட்டோட சேர்த்துப் பாக்கறதை தடுக்கற சட்டம் இருந்தா அந்த மாநிலம் அப்ளை பண்ணவே முடியாதுன்னு ஒரு கண்டிஷன் போட்டாங்க. உடனே கலிஃபோர்னியா, விஸ்கான்சின் எல்லாம் 2009லயே சட்டத்தை மாத்திட்டாங்க. அதுல கலிஃபோர்னியா அடுத்த வருஷம் நடந்த ரெண்டு சுற்றுலயும் ஜெயிக்கல. அதாவது ஒரு டாலர் கூட குடுக்காம ஒரு பெரிய மாநிலத்தோட சட்டத்தையே மாத்த வெச்சிருக்கு நாலு வரி கண்டிஷன். சட்டசபையில வருஷக்கணக்கா விவாதம் பண்ணினாலும் நடக்காதது, பணம் வேணுமா வேணாமான்னு கேட்டதும் நடந்துடுச்சு. அது நல்ல மாற்றமா கெட்ட மாற்றமாங்கறது வேற சண்டை.

அப்புறம் நியூ ஜெர்சி கதை. 2010 ஆகஸ்ட்ல ரெண்டாவது சுற்று ரிசல்ட் வந்தப்போ 10 பேர் ஜெயிச்சாங்க, நியூ ஜெர்சி 11வது, வெறும் 3 மார்க்ல போச்சு. என்ன ஆச்சுன்னா, மாநிலம் கல்விக்கு ஒதுக்கின பணத்தை 2008க்கும் 2009க்கும் ஒப்பிட்டுக் காட்டுன்னு ஒரு 5 மார்க் கேள்வி இருந்துச்சு, இவங்க 2010, 2011 கணக்கை எழுதி குடுத்துட்டாங்க. அதுல மட்டும் 4.8 மார்க் காலி. 40 கோடி டாலர் கைவிட்டுப் போச்சு, அந்த களேபரத்துல மாநில கல்வி கமிஷனரோட வேலையும் போச்சு. கேள்வியை ஒழுங்கா படிக்காதது அவங்க தப்புதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா 500க்கு 3 மார்க் வித்தியாசத்தை வெச்சு பத்தாவது ஆள் திட்டம் நல்லது, பதினொண்ணாவது ஆள் திட்டம் மட்டம்னு சொல்ல முடியுமா? ஒரு அப்ளிகேஷனை அஞ்சு பேர் படிச்சு மார்க் போட்டாங்க, அந்த அஞ்சு பேரும் 3 மார்க்குக்குள்ளயா ஒத்துப் போயிருப்பாங்க? கட்-ஆஃப்ல அரை மார்க்ல சீட் போன பிள்ளையை வீட்ல வெச்சிருக்கறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. வசதி இல்லாத வீட்டுப் பசங்க, அதுவும் குடும்பத்துலயே முதல் ஆளா காலேஜ் போகப் போறவங்க, அவங்களுக்கு உதவுற அப்வர்ட் பவுண்ட்னு ஒரு பழைய திட்டம் அங்க ஓடிட்டு இருக்கு. 2017ல அதுக்கு வந்த அப்ளிகேஷன்ல டஜன் கணக்குல படிச்சே பாக்காம தள்ளிட்டாங்க. காரணம் என்னன்னா வரிக்கு வரி டபுள் ஸ்பேஸ் விடணும்னு ரூல், சில பேர் படத்துக்குள்ளயும் சார்ட்டுக்குள்ளயும் அந்த இடைவெளி விடல, சில பேர் பட்ஜெட்ல சின்ன கணக்குல தடுமாறிட்டாங்க. அவ்ளோதான்! எம்.பி.க்கள் எல்லாம் சத்தம் போட்டதுக்கு அப்புறம்தான் திரும்ப எடுத்துப் படிச்சாங்க. பக்கத்துக்கு அளவு வேணும், ஒத்துக்கறேன், இல்லேன்னா பொடி எழுத்துல இரநூறு பக்கம் அனுப்பிடுவாங்க. ஆனா ரூலை மீறினா அந்த பக்கத்தை மட்டும் விட்டுடலாம், இல்ல ரெண்டு நாள் டைம் குடுத்து திருத்தச் சொல்லலாம். பசங்க எதிர்காலத்தை வரி இடைவெளியில தொங்க விடுறதை எந்த தகுதியில சேர்க்கறது?

அதே திட்டத்துல ஏற்கனவே பணம் வாங்கி நடத்திட்டு இருக்கறவங்களுக்கு 100க்கு மேல 15 மார்க் வரைக்கும் அனுபவத்துக்காக கூட கிடைக்கும். ஒழுங்கா நடத்தினவங்களுக்கு அது நியாயம்தான், பசங்களை பாதியில அம்போன்னு விட்டுடக் கூடாது இல்லையா. ஆனா புதுசா வர்றவன் நெலமைய யோசிங்க, 100க்கு 100 எடுத்தாலும் அவனுக்கு முன்னாடி 115 எடுக்கற ஆள் நிக்கிறான்.

எனக்கு ரொம்ப உறுத்துறது எழுத்துக்கு கிடைக்கற மார்க். தேவை எவ்ளோ இருக்கு, திட்டத்தோட தரம், யார் நடத்தப் போறாங்க, பணம் பத்துமா, கடைசியில எப்படி அளந்து பாப்பீங்கன்னு பொதுவா ஒரு பட்டியல் அங்க விதிமுறைலயே இருக்கு, அதுல இருந்து எடுத்துத்தான் ஒவ்வொரு போட்டிக்கும் கேள்வி வெப்பாங்க. கேள்வி எல்லாம் நல்ல கேள்வி. ஆனா ரிவ்யூவர் கையில இருக்கறது பேப்பர் மட்டும்தானே, ஸ்கூலைப் பாத்து மார்க் போட முடியாது. அதனால தேவை அதிகமா இருக்கற இடத்தை விட, தேவையை அழகா எழுதத் தெரிஞ்ச ஆள் இருக்கற இடம் மேல வந்துடுது. ரேஸ் டு தி டாப்புக்கு அப்ளிகேஷன் எழுத கன்சல்டன்ட் வெச்சுக்க கேட்ஸ் ஃபவுண்டேஷன் முதல்ல 15 மாநிலத்துக்கு ஆளுக்கு ரெண்டரை லட்சம் டாலர் வரைக்கும் குடுத்துச்சு, மத்தவங்க கேட்டப்புறம்தான் கதவைக் கொஞ்சம் திறந்து விட்டாங்க. மாநில அரசாங்கத்துக்கே எழுதிக் குடுக்க ஆள் வேணும்னா, தலைமையாசிரியரே கிளார்க் வேலையும் பாக்கற ஒரு சின்ன ஸ்கூல் என்ன பண்ணும்? 2010ல இன்னொரு போட்டியில கிட்டத்தட்ட 1,700 பேர் அப்ளை பண்ணி 49 பேருக்குத்தான் கிடைச்சுது, அவங்களும் மானியத் தொகையில 20 சதவீதம் அளவுக்கு தனியார்கிட்ட இருந்து புரட்டிட்டு வரணும்னு இருந்துச்சு. மீதி ஆயிரத்து அறநூத்துச் சொச்சம் பேர் ராத்திரி பகலா உக்காந்து எழுதின நேரத்துக்கு எந்த கணக்குலயும் இடம் இல்ல.

நல்லதையும் சொல்லிடணும். அங்க விதியை முதல்ல வரைவா வெளியிட்டு பொதுமக்கள் கருத்து கேக்கறாங்க, ரேஸ் டு தி டாப்புக்கு ஆயிரத்துக்கும் மேல கருத்து வந்துச்சு, அதைப் படிச்சு பதில் சொல்லிட்டுத்தான் இறுதி விதியைப் போட்டாங்க. எது கட்டாயம், எதுக்கு கூடுதல் மார்க், எது சும்மா விருப்பம் மட்டும்னு மூணா பிரிச்சு முன்னாடியே சொல்லிடுவாங்க. தோத்தவங்களோட மார்க்கும் ரிவ்யூவர் எழுதின குறிப்பும் கூட வெளிய வந்துச்சு, அதனாலதான் நான் இங்க உக்காந்து 4.8னு எழுத முடியுது. ஆனா இதுலயும் ஒரு ஓட்டை, புது திட்டத்தோட முதல் போட்டிக்கு கருத்து கேக்காமலே விதி போட்டுக்கலாம்னு சட்டத்துல இடம் இருக்கு. அவசரத்துல போடுற முதல் மார்க் ஷீட்லதான் தப்பு அதிகம் வரும், கருத்து ரொம்ப தேவைப்படுறதும் அப்பதான்.

போட்டி வெக்கிற எந்த அரசாங்கமா இருந்தாலும் ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்துல ஏன் இவ்ளோன்னு ரெண்டு வரி எழுதட்டும். பழைய அப்ளிகேஷன் நாலஞ்சை எடுத்து புது மார்க் ஷீட்ல போட்டுப் பாக்கட்டும், யாரை மேல தூக்குது யாரை கீழ தள்ளுதுன்னு அங்கயே தெரிஞ்சுடும். கட்-ஆஃப் கோட்டுக்கு பக்கத்துல ரெண்டு மூணு மார்க்ல நிக்கிறவங்களை கால்குலேட்டரை மூடி வெச்சுட்டு இன்னொரு தடவை படிக்கட்டும், தேவை யாருக்கு ஜாஸ்தின்னு பாத்து குடுக்கட்டும்.

உங்க கிட்டயும் ஒரு வேண்டுகோள். மானியம் வாங்கினவங்க போட்டோவோட செய்தி போடுறீங்க, சந்தோஷம். அடுத்த தடவை வரைவு விதி வெளிய வர்ற அன்னைக்கே அந்த மார்க் பட்டியலையும், கருத்து சொல்ல கடைசி தேதியையும் ஒரு கட்டம் கட்டி போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்