சூடேறிய பிறகு வாய் திறந்த கசிவு: ஒரு நன்றி மடல்

நண்பர்களுக்கும் எங்கள் வீதிப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

ஐடிலிங்கில், அதாவது வண்டி ஓடாமல் நின்றிருக்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, வேகம் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்த என் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரின் முள், நேற்று இரவு முதல் 800 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்திற்கு 800 சுழற்சி) அசையாமல் நிற்கிறது. அதற்கு முன் நான் பட்ட பாட்டை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதை மறுபடி எழுதும் தெம்பு எனக்கில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட நினைக்கிறேன்.

லேப்டாப்பும் கேபிளுமாக வந்து, எஞ்சின் கணினியின் பதிவுகளைப் பொறுமையாக வாசித்துக் காட்டிய நண்பருக்கு நன்றி. இந்த 1.8 லிட்டர், 20 வால்வு டர்போ எஞ்சினின் கணினி, எரிபொருள் திருத்தத்தை (கலவை சரியாக இருக்க எரிபொருளைக் கூட்டிக் குறைப்பதை) ஐடிலிங்கிற்கு ஒரு கணக்காகவும் ஓட்டத்திற்கு இன்னொரு கணக்காகவும் வைத்திருக்கிறது. முதல் கணக்கு எல்லையைத் தாண்டி ஏறியிருக்க, இரண்டாவது கணக்கு பூஜ்யத்தை ஒட்டியே நின்றதைச் சுட்டிக்காட்டி, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் உள்ளே வரும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரையும் கழற்ற வேண்டாம் என்று தடுத்தவர் அவர்தான். எஞ்சின் கணினியின் நிரலை மாற்றி ரீமேப் செய்து தந்தவர் தன் வேலையைப் பற்றிய சந்தேகத்தைக் கூடக் கோபமின்றிக் கேட்டு, பழைய மேப்பை ஏற்றி ஓட்டிப் பார்த்து, ஆட்டம் அதிலும் அப்படியே இருக்கிறது என்று நிரூபித்தார். எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கடன் கொடுத்த பீளமேட்டு நண்பர், உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் எனக்காக அலைந்த தம்பிமார், டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் குழாய்களின் ஒவ்வொரு க்ளாம்பையும் சரிபார்த்த மெக்கானிக், வீட்டு வாசலில் நள்ளிரவிலும் உறுமிய வண்டியைச் சகித்துக்கொண்ட அண்டை வீட்டார் ஆகிய அனைவருக்கும் என் வணக்கம்.

ஆனாலும் இந்த மடலின் பெரும்பகுதி எதிர் வீட்டு ஐயாவுக்கு உரியது. நூற்பாலையில் காற்றழுத்தக் குழாய்களைப் பராமரிக்கும் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் ஓட்டத் தெரியாதவர். டர்போ என்ற சொல்லை என் வாயால்தான் முதலில் கேட்டார். போன சனிக்கிழமை இரவு, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் ஒன்றும் தோன்றாமல் நின்றிருந்தபோது, கேட்டைத் திறந்து உள்ளே வந்து அவர் சொன்னது இதுதான்: "தம்பி, ஸ்டார்ட் பண்ணின உடனே நல்லாத்தானுங்க நிக்குது. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மூச்சு வாங்குது. சூட்டுல ஏதோ வாய் தொறக்குதுங்க."

பல இரவுகளாகத் திண்ணையில் உட்கார்ந்தபடி காதால் மட்டுமே கேட்டு அவர் இந்த முடிவுக்கு வந்திருந்தார். 600-க்கும் 1,300-க்கும் இடையே முள் ஊசலாடுவதை நாங்கள் அனைவரும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோமே தவிர, அது எப்போது தொடங்குகிறது என்பதை யாரும் ஒரு தடயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியை முந்தின இரவே ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுவதும், காலையில் குளிர்ந்த எஞ்சினில் புகை செலுத்திச் சோதிப்பதும், எங்கும் புகை வெளிவரவில்லை என்று திரும்புவதும் வழக்கமாகியிருந்தது. மாற்றியமைத்த வண்டி என்றால் எல்லோருடைய பார்வையும் பெரிய டர்போ, சிலிக்கான் குழாய், ரீமேப் என்று புதிதாகச் சேர்ந்தவற்றின் மேலேயே போகிறது. கம்பெனியிலிருந்து வந்தபடியே கிடக்கும் முழங்கை போல வளைந்த ஒரு சிறு ரப்பர் குழாயை யார் நினைப்பார்கள்?

ஐயா தன் வீட்டிலிருந்து ஒரு பழைய ரெகுலேட்டர், ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர், கைப்பிடி வளைந்த ஷேவிங் பிரஷ் ஆகியவற்றைக் கொண்டுவந்தார். முதலில் எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஆட்டம் தொடங்கியதும் அணைக்கச் சொன்னார். ஏர் ஃபில்டர் பக்கத்து வாயை அடைத்து, டயருக்குக் காற்றடிக்கும் என் சிறு காம்ப்ரஸரிலிருந்து கால் கிலோ அழுத்தம் மட்டும் உள்ளே விட்டார். அதற்கு மேல் போனால் ஆயில் சீல்கள் தாங்காது என்பதை நான் சொல்வதற்கு முன்பே அவர் ஊகித்திருந்தார். பிறகு ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை எஞ்சின் மீது மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டின் அடியில், ஆயில் ஃபில்டருக்கு அருகே, கை நுழையவே இடமில்லாத ஓரிடத்தில் குழாய் நின்றது. பிரஷ்ஷை அங்கே நீட்டித் தடவியதும், எஞ்சினின் எண்ணெய் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயின் வளைவில், அதுவும் அடிப்பக்கத்தில், நுரை பொங்கிப் பூத்தது.

அதோடு அவர் விடவில்லை. எஞ்சினை மறுபடி ஓடவிட்டு, கையில் காட்டன் வேஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு, அந்தக் கொதிக்கும் இடுக்கில் கையை நுழைத்து வளைவை இறுக்கிப் பிடித்தார். முள் 800-இல் நின்றது. கையைத் தளர்த்தினார், ஆடியது. மீண்டும் பிடித்தார், நின்றது. நான் திருப்தியாகப் பார்த்து முடிக்கும் வரை அவர் பிடியை விடவில்லை. மணிக்கட்டில் சிவந்திருந்த தழும்பை மறுநாள்தான் கவனித்தேன்.

காரணம் தெரிந்தபின் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது. குளிரில் விறைத்திருக்கும் ரப்பரில் விரிசல் மூடியிருக்கும். சூட்டில் இளகியதும் திறந்துகொள்ளும். சென்சார் அளக்காத காற்று அதன் வழியே உள்ளே புகும், கலவை மெலியும், கணினி எரிபொருளைக் கூட்டும், வேகம் ஏறியதும் த்ராட்டிலை மூடும், உறிஞ்சுவிசை மாற மாற விரிசலின் அகலமும் மாற, கணினி ஒரு கணக்கிலும் நிலைகொள்ள முடியாமல் துரத்திக்கொண்டே இருக்கும். மெக்கானிக்குகள் இதை 'ஹன்டிங்' என்கிறார்கள். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போது, ஒரு பக்கம் மட்டுமே காற்றை விடும் செக் வால்வு அந்த வழியை அடைத்துவிடுவதால் ஓட்டத்தில் மட்டும் குறையே தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் எண்ணெய் ஆவியிலும் வெப்பத்திலும் வெந்த ரப்பர் அது. யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கார் பந்தயத் தடம், 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆலைக் குடும்பத்தில் பிறந்து பந்தயக் கார்களை உருவாக்கியவர் அவர். கோவையில் ஆலையும் பந்தயமும் ஒரே பட்டறையில் வளர்ந்தவை என்று பேச்சுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதற்கான சாட்சி எதிர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. பணம் என்று பேச்செடுத்தாலே ஐயா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். தடத்தில் ஒரு சுற்று கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "முன் சீட்டுலதானுங்களே?" என்று மட்டும் கேட்டார்.

புதுக் குழாய், செக் வால்வு, க்ளாம்புகள் எல்லாம் மாற்றியாயிற்று. காம்ப்ரஸர் என் ஷெட்டிலேயே இருக்கிறது. ரெகுலேட்டரை ஐயா என்னிடமே விட்டுவைத்திருக்கிறார். ஐடிலிங் ஆடும் டர்போ வண்டி வைத்திருக்கும் யாரும், எந்த நேரமும் வரலாம்; கூட நின்று பார்த்துத் தர நான் கடமைப்பட்டிருக்கிறேன். வரும்போது வண்டியை இரவு முழுக்க ஆறப்போடாமல், ஓட்டிவந்த சூட்டோடு நேராக உள்ளே கொண்டுவந்து நிறுத்துங்கள்.