ஓய்வூதியர் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். மருத்துவச் செலவு மனுக்கள் பற்றி உரிய அலுவலகத்துக்கு நினைவூட்டல் எழுதியிருக்கிறோம், பதில் வரவில்லை. மறைந்த உறுப்பினர்களின் வீட்டாருக்குக் குடும்ப ஓய்வூதியப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு சங்கத்தின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது அகவிலைப்படிகூட இல்லை, செல்போன் மோசடிதான். எனவே மீதி அறிக்கை முழுக்க அதைப் பற்றியே.

நம் உறுப்பினர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர், "பெயரும் தொகையும் வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்" என்று அனுமதி தந்திருக்கிறார். ஒருநாள் காலையில் தொலைபேசித் துறையை ஒழுங்குபடுத்தும் டிராய் ஆணையத்தின் அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்தான். அவருடைய ஆதாரில் வாங்கிய சிம்மிலிருந்து மோசமான செய்திகள் போயிருக்கின்றன என்று சொல்லி 'மும்பை போலீசு'க்கு மாற்றிவிட்டான். வாட்ஸ்அப் வீடியோவில் சீருடைக்காரர், பின்னால் கொடி, நீதிமன்ற முத்திரையோடு ஒரு கடிதம். கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமாவது சொன்னால் மகனையும் கைது செய்வோம் என்று மிரட்டல். வழக்கு முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொல்லி, வைப்புத் தொகையை முறித்து ஒரு கணக்குக்கு அனுப்பவைத்தார்கள். அனுப்பிய பிறகு இரண்டு நாள் அவர் மகனிடம்கூட வாய் திறக்கவில்லை.

"இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார்?" என்று நம் கூட்டத்திலேயே சிலர் கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பணியில் இருந்த காலமெல்லாம் மெமோ வந்தால் விளக்கம் எழுதியவர்கள் நாம். மேலிடம் கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்பது ஓய்வு பெற்றும் நம்மைவிட்டுப் போகவில்லை. மோசடிக்காரன் பிடிப்பது அந்தப் பழக்கத்தைத்தான். ஓய்வுபெறும்போது கிடைத்த பணிக்கொடையும் (கிராஜுவிட்டி), ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிய தொகையும் (கம்யூட்டேஷன்) வங்கியில் கிடப்பதும் அவனுக்குத் தெரியும்.

இப்படி வீடியோ அழைப்பிலேயே கைது செய்ததாக மிரட்டுவதைத்தான் டிஜிட்டல் அரெஸ்ட் என்கிறார்கள். அப்படி ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே 'மனதின் குரல்' வானொலி உரையில் இதைச் சொன்னார். ஹரியானாவில் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதியிடம் உச்ச நீதிமன்ற உத்தரவு என்றே போலிக் காகிதம் காட்டிப் பணம் பறித்தார்கள். அதன்பேரில் உச்ச நீதிமன்றம் 2025 அக்டோபரில் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. டிசம்பர் 1 அன்று சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. 2024இல் நாடு முழுவதும் இணைய மோசடியில் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. முந்தைய ஆண்டு அது 7,465 கோடி. ஆகவே ஏமாந்தவர் தனி ஆள் இல்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

அந்த இரண்டு நாள் மௌனம்தான் பெரிய நஷ்டம். பணம் போனதும் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்தால், அது எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கே முடக்கச் சொல்லி வங்கிகளுக்குத் தகவல் போகும். ஆனால் மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகப் பணத்தை மளமளவென்று நகர்த்திவிடுவார்கள். காலையில் போனதை மாலையில் தேடினாலே கிடைப்பது கஷ்டம். அழைக்கும்போது நம் கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். அப்புறம் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும்.

வங்கிக்கும் அதே சூட்டில் சொல்லிவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, ஓடிபியை நாமே கொடுத்திருந்தால் வங்கிக்குச் சொல்லும்வரை போனது நம் தலையில். சொன்ன பிறகும் போனால் வங்கியின் பொறுப்பு. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நேர்ந்த ஓட்டையால் போயிருந்தால், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டமே இல்லை. வாயால் சொல்லிவிட்டு வராமல் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நம் வாட்ஸ்அப் குழு. உறுப்பினர் ஒருவரின் எண்ணிலிருந்து கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு ஏ.பி.கே. கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு, வந்தது. அவர் வீட்டில் கல்யாணமே இல்லை. அதைத் திறந்து நிறுவினால், நம் போனுக்கு வரும் ஓடிபி குறுஞ்செய்திகளை அது அவர்களுக்கு அனுப்பிவிடும். அன்றே குழுவை நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றினோம். பத்திரிகைகளைப் படமாக எங்களுக்கு அனுப்பினால் போட்டுவிடுகிறோம். காலை வணக்கப் படங்களும் இதில் நின்றுபோனதில் சிலருக்கு வருத்தம், எனக்கு இல்லை.

நவம்பரில் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு, உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் வாழ்நாள் சான்றிதழ் தரும் காலம். 'சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, ஓடிபி சொல்லுங்கள்' என்று அழைப்புகள் வந்தன. சான்றிதழை வங்கியில் நேரில் தரலாம், ஜீவன் பிரமான் செயலியில் முகம் காட்டித் தரலாம், அஞ்சல்காரரை வரவழைத்தால் 70 ரூபாயில் வீட்டிலேயே முடிந்துவிடும். இதில் எதற்கும் யாரும் நம்மைப் போனில் தேடி வருவதில்லை. யு.பி.ஐ. பற்றியும் ஒரு வார்த்தை: நமக்குப் பணம் வருவதற்கு 'பின்' (PIN) என்ற ரகசிய எண் தேவையே இல்லை. யாராவது அந்த ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் நம் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம்.

ஆகஸ்டிலிருந்து, மிரட்டலோ அவசரமோ வந்தால் பணம் அனுப்பும் முன் அழைப்பதற்குத் தெருவுக்கு ஒரு செயற்குழு உறுப்பினரின் எண்ணைக் கொடுத்திருக்கிறோம். 'என் கணக்கு விவரம் உனக்கெதற்கு?' என்று முதலில் ஆட்சேபம் வந்தது, நியாயம்தான். அதனால் தொகையோ வங்கியோ கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். அப்படி அழைத்த ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர், பேசிக்கொண்டிருக்கும்போதே "இது பொய்தான் போலிருக்கே" என்று தானே சொல்லி வைத்துவிட்டார். இன்னொருவருக்கு உதவியது நாம் இல்லை, வங்கிக் கவுன்ட்டரில் இருந்த பெண். எஃப்.டி.யை ஏன் இப்போது முறிக்கிறீர்கள், வீட்டில் தெரியுமா என்று விடாமல் கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணுக்குச் சங்கத்தின் சார்பில் நன்றிக் கடிதம் கொடுத்தோம்.

அதையொட்டி ஒரு தீர்மானத்தை முன்மொழிகிறேன்: மூத்த குடிமக்கள் பெரிய வைப்புத் தொகையைப் பாதியில் முறிக்க வந்தால் தனியே அழைத்து விசாரிக்க வேண்டும் என்றும், இணையவழிப் பரிமாற்ற உச்சவரம்பைக் குறைக்க விரும்புகிறவர்களுக்குக் கிளையிலேயே உதவ வேண்டும் என்றும் ஊரிலுள்ள எல்லா வங்கிக் கிளைகளையும் கேட்டுக்கொள்வது. கடிதத்தின் நகல் தயார். இரண்டு தெருக்களுக்கு இன்னும் தொடர்பாளர் இல்லை. முன்வருகிறவர்கள் தேநீர் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுக்கலாம். அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்